ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்

பாடாங் செராயில்
டயர் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே
ஒற்றைக் கதவுக் கிளினிக்.
பலகையில் என் பெயருக்குப் பின்னால் மூன்றே எழுத்து.
இன்னும் நாலைந்து சேர்க்க
இடம் விட்டே எழுதியிருக்கிறான் பலகைக்காரன்.
"பின்னால படிப்பீங்கதானே டாக்டர்."

விண்ணப்பம் கணினியில் திறந்து கிடக்கிறது
ஏழு நாளாய்.
சிறுபிராணி அறுவை, கண், தோல், இதயம்,
கோழி, காட்டு விலங்கு.
இரண்டைத் தொட்டால்
கட்டம் சிவந்து அதட்டுகிறது.

ஒரே மேசையில்
செத்த பசுவின் குடலை முழம் போட்டவர்கள் நாங்கள்.
ஹுய் ஷான் இன்று எடின்பரோவில்
பூனைக்குக் கண்புரை எடுக்கிறாள், அது மட்டும்தான்.
ஃபாயிஸா சண்டாக்கானில்
யானைக் கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டுகிறாள்;
படத்துக்குப் படம் சேறு, படத்துக்குப் படம் சிரிப்பு.
குணாளன் சித்தியவானில்
மூன்று லட்சம் கோழிக்கு மருத்துவன்.
ஒரு கோழியைக் கையில் தூக்கி
நாலு மாதமாச்சு என்கிறான்.
கார் புதுசு.

நானோ
காலையில் நாகம் துப்பிய நாயின் கண்ணைக் கழுவினேன்,
மத்தியானம் உரமூட்டையைத் தின்ற ஆட்டோடு மல்லுக்கு நின்றேன்,
ராத்திரி கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு
பசுவுக்குள் தோள்வரை போய்
கன்றின் காலைத் தேடினேன்.
எந்தத் துறை நான்?

புதன்கிழமை
டிராக்டர் ஓட்டும் ரஃபிகுல்
துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான் ஒரு நாயை.
ஈறு வெள்ளைத் தாள்.
ஊசி குத்திய இடம் கசிந்தது,
கசிந்துகொண்டே இருந்தது.
செம்பனைக்கடியில் எலிக்கு வைக்கும் நீலக் கட்டி.
கே-ஒன் ஒரே குப்பி இருந்தது, போட்டேன்.
ரத்தம் ஏற்ற வேண்டும்; ரத்தம் பினாங்கில்.
நாய் அவ்வளவு நேரம் தரவில்லை.

பெயர் எழுத வேண்டும் என்றேன்.
"பேர் வைக்கல டாக்டர். பின்னாலேயே வரும்."
அவன் நீட்டிய பத்து வெள்ளியில்
யூரியா வாடை.

பதிவேட்டில் அதை எழுதப் போய்
விரல் பின்னால் நகர்ந்தது.
மார்ச்சில் இரண்டு. ஏப்ரலில் ஒன்று.
நோன்புப் பெருநாள் வாரத்தில் மூன்று.
எலி பிடிக்கவென்று தோட்டமே பெட்டி கட்டி வளர்த்த
ஆந்தை ஒன்று.
ஒன்பது நாய், ஓர் ஆந்தை.
முகவரி எல்லாம் பதினேழாம் பிளாக்.
நானே எழுதியது.
நானே படிக்காதது.

தோட்ட ஆபீசுக்குப் போன் அடித்தேன்.
கிராணி பொறுமையாகக் கேட்டுவிட்டு,
"நாய்தானே டாக்டர்" என்றார்.
கோபமாய்க்கூட இல்லை.

விண்ணப்பத்தைக் கீழே உருட்டினேன்.
இதயம் தாண்டி, தோல் தாண்டி,
கடைசிக்கு முந்தைய வரி:
நோய்ப்பரவலியல், பொதுச் சுகாதாரம்.
வெள்ளிக்கிழமை பிற்பகல் பாடம்.
நான் தூங்கிய பாடம்.
ஹுய் ஷானிடம் சொன்னால் சிரித்தாள்:
"அதில் காசும் கிடையாது, பிராணியும் கிடையாது."

மறுநாள் துண்டை வாங்க வந்தான் ரஃபிகுல்.
துவைத்து வைத்திருந்தேன்; கறை போகவில்லை.
பிளாக்கை வரைந்து காட்டச் சொன்னேன்.
ரசீதின் பின்பக்கம் வரைந்தான்:
கட்டி வைக்கும் இடத்துக்கெல்லாம் புள்ளி,
நடுவே கால்வாய்,
கால்வாய் முடிகிற இடத்தில் நீளமாய் ஒரு கொங்சி.
"இங்க யாரு?"
"இந்தோனேசியாக்காரங்க. பிள்ளைங்க நாலு."
சற்று யோசித்து ஒரு கோடு இழுத்தான்.
"குளிக்கிறது இங்க."

கட்டத்தைத் தொட்டேன்.
அந்த ரசீதையும் படமெடுத்து இணைத்தேன்.
இவ்வகைக் கோப்பு ஏற்கப்படாது என்றது.

சுங்கை பட்டாணிக்குப் போன் அடித்து
கே-ஒன் பத்துக் குப்பி கேட்டேன்.
ஐந்துதான் இருக்கிறதாம்.